ஒரு தம்ளர் தண்ணீர்

என் மகள் சொன்ன அந்தக் கதையை நான் எத்தனையோ வருஷமாக முழுசாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று வாய் திறந்து சொல்லும் தைரியமும் வந்ததில்லை.

அப்போது அவள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். நர்ஸ் ஆகணும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"முதல்ல ஆஸ்பத்திரி வாடை உனக்கு ஒத்துக்குதான்னு பார்ப்போம்" என்றாள் என் தங்கை. ஆபரேஷன் வார்டின் தலைமை நர்ஸ் அவள். "நாளைக்கு என்கூட வா, பாப்பா. கண்ணால பாரு, காதால கேளு. கையை மட்டும் கட்டிக்கோ."

"அத்தை, ஊசியாவது தொட்டுப் பார்க்கலாமா?"

"உனக்குப் போடும்போது தொட்டுக்கோ."

சிரித்துக்கொண்டே போனவள், சாயங்காலம் வெளிறிப்போய்த் திரும்பினாள்.

அந்த வார்டில் ஓர் அம்மாள். குடலில் அடைப்பு, மதியம் ஆபரேஷன். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. மயக்க மருந்து ஏறியதும் குடித்தது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

அந்த அம்மாள் அப்படித்தான் போனார். யாரோ அவருக்குத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள்.

"அத்தைதாம்ப்பா குடுத்தாங்க" என்றாள் பாப்பா, என் முகத்தைப் பார்க்காமல். "தாகம் தாகம்னு அவங்க அழுதாங்க. அத்தைக்கு மனசு கேக்கல."

விசாரணையில் என் தங்கையும் ஆமாம் என்றுவிட்டாள். வேலை போயிற்று.

"குழந்தை கண்ணு முன்னாடியே ஓர் உயிரை அனுப்பி வெச்சுட்டா உங்க தங்கச்சி" என்றாள் என் மனைவி. "இனி அவ நிழல்கூட இந்த வாசல்ல விழக் கூடாது."

நான் மட்டும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியாத விஷயமா? எப்படி இப்படிப் பண்ணினே?"

"கை தவறிடுச்சுண்ணா" என்றாள். அழவில்லை. "பாப்பா படிப்பை மட்டும் நிறுத்திடாதே. அவளுக்கு நல்ல கை."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று, அவர் இவள் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குக் கெஞ்சினார். ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிட்டாளே தவிர, ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. "கல்நெஞ்சுக்காரி" என்று அப்பா திட்டியதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். பெற்ற அப்பாவுக்கே கரையாதவள், முன்பின் தெரியாத ஒருவருக்கா கரைந்திருப்பாள்?

ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் எதை இழப்பேன் என்று எனக்கே தெரிந்திருந்ததோ என்னவோ.

பாப்பா படித்தாள். இப்போது நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. என் தங்கை ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறாள்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில், மருத்துவத் துறையில் என்னென்ன படிக்கலாம் என்று பேசப் பாப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

"டாக்டர் மட்டும்தான் ஆஸ்பத்திரின்னு நினைக்காதீங்க. எக்ஸ்ரே எடுக்கறவங்க, ரத்தம் பரிசோதிக்கறவங்க, கையைக் காலை மறுபடி அசைக்கச் சொல்லிக் குடுக்கறவங்க, எல்லாரும் சேர்ந்ததுதான்."

"மேடம், எனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமே?"

"எனக்கும் வந்திருக்கு. விழறதுக்கு முன்னாடி ஊசியைக் கீழ வெச்சிடணும், அவ்வளவுதான்."

கூடம் சிரித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு பெண் எழுந்தாள். "இரக்க குணம் இருந்தா போதுமா, மேடம்?"

"பத்தாது. எங்க அத்தை கதையே அதுக்கு உதாரணம்."

எனக்கு மனப்பாடமான கதை. அத்தை, தாகம், மனசு கேட்காதது. ஆனால் அன்று, பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டதாலோ என்னவோ, அவள் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னாள்.

"அந்தம்மா தம்ளரை வாங்கின அவசரத்துல தண்ணி கையில சிந்திச்சு. ஒரே மடக்குல குடிச்சாங்க. ஈரக் கையால கன்னத்தைத் தடவி, 'படிச்சு நீயும் பெரிய நர்ஸா வருவே, கண்ணு'ன்னு வாழ்த்தினாங்க. அன்னிக்கு மதியம் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போயிடுச்சு. அதனால, இரக்கப்படுங்க. ஆனா எதுக்காக வேண்டாம்னு சொல்றாங்கன்னும் தெரிஞ்சுக்குங்க."

சொல்லும்போது அவள் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது. என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"எப்படிப் பேசினேன்ப்பா?"

"நல்லா பேசினே."

"அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"அத்தை இருக்கற இல்லம் பக்கத்துலதான். ஒரு எட்டு பார்த்துட்டுப் போவோமா?"

"வேண்டாம்ப்பா." சட்டென்று சொன்னாள். "அவங்களைப் பார்த்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்."

பஸ் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"பாப்பா, உன் அத்தை அப்பவே தலை நரைச்ச நர்ஸ். 'படிச்சு நீயும் பெரிய நர்ஸா வருவே'ன்னு அந்தம்மா யாரோட கன்னத்தைம்மா தடவினாங்க?"