இருபத்தாறு கிலோமீட்டர்

புதிதில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் பெட்ரோலைத் தொடாமல் ஐம்பது கிலோமீட்டர் ஓடிய கார், இப்போது பதினொன்றிலேயே மூச்சு வாங்கியது. வண்டிக்கும் அம்மாவுக்கும் வயசாகிவிட்டது என்று எட்வின் அடிவாரத்தில் ஒரு ஆளிடம் விலை பேசி முடித்துவிட்டான். விற்கப்போகிற வண்டிக்குக் கரண்ட் ஒரு கேடா என்று சார்ஜும் போடவில்லை. மூன்று கிலோமீட்டருக்கே சார்ஜ் மிச்சமிருந்த காரை அம்மா ஹெப்சிபாதான் மலையிலிருந்து இறக்கினாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆக்சிலேட்டரில் அவள் காலே வைக்கவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மெல்ல அழுத்த அழுத்த, சக்கரத்தின் வேகமெல்லாம் பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்தது. அடிவாரத்துப் பாக்குத்தோப்பு வந்தபோது, இன்னும் இருபத்தாறு கிலோமீட்டர் ஓடும் என்று திரை காட்டியது.

வாங்க வந்தவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். "பேட்டரி மாத்தினீங்களாங்க?"

"இல்லைங்க. இறங்கி வந்தேன்."

அவர் சாவிக்குக் கையை நீட்டினார். ஹெப்சிபா வண்டியை மலைப்பக்கமாகத் திருப்பினாள்.

"இது இறக்கத்தை வச்சு வண்டி போடுற கணக்கும்மா," என்றான் எட்வின். "மேல ஏறுறதுக்குள்ள எல்லாம் போயிடும்."

"போகட்டும்டா. நாளைக்கு மறுபடியும் இறங்குவேன்."

கண்ணாடியில் அந்த நீட்டிய கை சின்னதாகிக்கொண்டே வந்தது.