பச்சை உடம்புக்காரி

ஆசைக்கு வளர்ப்பவர்களுக்கு விற்கவென்று ஒருவர் உடும்பு வளர்த்துவந்தார். அவருடைய கண்ணாடிக் கூண்டில் இருந்த பெண் உடும்பு, இரண்டு நாள் மணலைத் தோண்டிப் பதினெட்டு முட்டையிட்டு மூடியது. அது மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் அவர் வந்து, ஒன்றுவிடாமல் பொறுக்கி, குஞ்சு பொரிக்கும் சூட்டுப்பெட்டியில் வைக்கக் கொண்டுபோய்விட்டார்.

பக்கத்துக் கூண்டில் ஒரு கோழி இருந்தது. உடும்பு அதனிடம் புலம்பித் தீர்த்தது.

"இது நாலாவது தடவை அக்கா. ஒரு குஞ்சோட முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இவனெல்லாம் விளங்குவானா?"

"அழாதேம்மா. எனக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தது கோழி.

"நீ சும்மா இரு அக்கா. பெத்த வயிறு எரியறது உனக்கென்ன தெரியும்?"

கோழி திரும்பித் தன் தீனியைக் கொத்தப் போனது.

முட்டையிட்டு இளைத்த உடும்பு தேறவேண்டுமே! அதற்காக அவர் தினமும் காலையில் கோழிக் கூண்டுக்குள் கைவிட்டு, சூடு ஆறாத முட்டையை எடுத்து உடும்பின் தட்டில் வைப்பார். உடும்பு அழுகையை நிறுத்தி அதை விழுங்கும். தட்டில் வழிந்த மஞ்சள் கருவையும் நக்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து அழும்.

ஏழாம் நாள் கோழி எழுந்திருக்கவில்லை. முட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வந்த கையை ரத்தம் வரக் கொத்தியது. அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

உடும்பு காலித் தட்டைப் பார்த்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக் கோழியைப் பார்த்தது.

"ஏன் அக்கா, பச்சை உடம்புக்காரி இங்கே பட்டினி கிடக்கிறேன். நீயும் ஒரு பொம்பளைதானே, கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா உனக்கு?"