கலைவாணன் வேட்டியும் ஒரு சிவப்புக் கயிறும்

"இந்த டிரைவரை இப்பவே வேலையை விட்டுத் தூக்கணும். தூக்குற வரைக்கும் நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்!"

கலைவாணன் கத்தினார். நகரவும் முடியாது. இடுப்பில் இருந்தது டால்பின் படம் போட்ட குளியல் துண்டு. அவருடைய வேட்டி அரியாங்குப்பம் ஆற்றில் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.

படகுக்குச் சொந்தக்காரர் ஒகுஸ்த் முசியே, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் (அதனால்தான் ஊரில் 'ஐயா'வுக்குப் பதில் 'முசியே'), தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். புதுசாக ஸ்பீட்போட் விடுகிறோமே, துவக்க விழாவுக்கு நாலு பெரிய மனுஷங்க வரட்டுமே என்று ஆசைப்பட்டார். நகராட்சித் தேர்தல் நேரம். ஒருத்தரைக் கூப்பிட்டால் இன்னொருத்தர் முறைப்பார் என்று, கவுன்சிலருக்கு நிற்கிற கலைவாணனையும், எதிர்த்து நிற்கிற இராமதாஸையும் ஒரே படகில் ஏற்றிவிட்டார். பெரிய புத்திசாலி!

"நான்தான் ஓட்டுவேன். போட்டோ நல்லா வரும்" என்று கலைவாணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் தேவதாஸ் ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை நீட்டினான்.

"சார், இதோட ஒரு முனை இஞ்சின் சுவிட்சுல இருக்கு. இந்தக் கொக்கியைக் கையில மாட்டிக்குங்க. தவறி விழுந்தீங்கன்னா கயிறு சுவிட்சை இழுத்துடும், இஞ்சின் நின்னுடும்."

"வாயைக் கழுவுய்யா! நாமினேஷன் போட்டிருக்கேன், விழுறதைப் பத்திப் பேசுறியே."

"இல்ல சார், ஆள் இல்லாத படகு வட்டமடிச்சு, விழுந்தவர் மேலயே வரும். அடியில சுத்துற விசிறி ஆளைக் கிழிச்சிடும் சார்."

"கயிறு கட்டி ஓட்ட நான் இன்னா மாடா? போட்டோவுல அசிங்கமாத் தெரியும். போ, போய் முன்னால தரையில உட்காரு. தலை தெரியக் கூடாது."

சொல்லிவிட்டுக் கயிற்றின் கொக்கி முனையைப் பின்னால் வீசினார். பின் சீட்டில் மாலையும் சால்வையுமாக உம்மென்று உட்கார்ந்திருந்த இராமதாஸ் மடியில் போய் அது விழுந்தது.

படகு சீறிக்கொண்டு கிளம்பியது. கரையில் ஒரு வார்டே நின்றது. வைத்திக்குப்பத்திலிருந்து வேன் வைத்து அழைத்து வந்த பெண்கள் கையை ஆட்டினார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் கையை ஆட்டினால் வேட்பாளர் என்ன செய்வார்? கலைவாணன் எழுந்து நின்றார். ஸ்டியரிங்கை விட்டார். இரண்டு கையாலும் ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

ஒற்றைக் கையால் கும்பிட்டுப் பழக்கமில்லை, பாவம்.

படகு ஒரு குதி குதித்தது. கும்பிட்ட கையோடு ஆற்றுக்குள் போனார் மனுஷன். மற்ற இரண்டு பேரும் படகுக்குள்ளேயே உருண்டார்கள். படகு வளைந்து, மூக்கைத் திருப்பி, நேரே அவரைப் பார்த்து வந்தது.

"ஐயோ, யாராவது நிறுத்துங்களேன்!" என்று கரையில் அவர் சம்சாரம் கமலா அலறினாள்.

ஆனால் இஞ்சின் சத்தம் ஏற்கெனவே நின்றிருந்தது. படகு மிதந்து வந்து, அவருக்கு ஒரு முழம் தள்ளி ஓய்ந்தது.

தேவதாஸ் குதித்து அவரைத் தூக்கி ஏற்றினான். ஆள் முழுசாக வந்தார். வேட்டிதான் வரவில்லை. சிவப்புக் கயிற்றோடு சேர்ந்து அது மிதந்து போவதைக் கரையே பார்த்தது. பட்டாபட்டி டவுசரோடு அவர் ஏறியதை போட்டோகிராபர்கள் ஆசை தீர எடுத்தார்கள்.

அதற்குத்தான் இப்போது பஞ்சாயத்து.

"கயிறு கட்டு, கயிறு கட்டுன்னு என் கழுத்தை அறுத்தவன் இவன்தான்! எனக்குத் தெரியாம வேட்டியில கொக்கியை மாட்டிட்டான். யார்றா ஏவி விட்டது?"

"புள்ளைங்க மேல சத்தியமா நான் மாட்டல சார். நான்தான் முன்னால உட்கார்ந்திருந்தேனே."

"முசியே, இவன் நாளைக்கு வேலையில இருந்தா உங்க படகுக்கு லைசென்ஸ் இருக்காது!"

ஒகுஸ்த் முசியே எழுந்தார். தேவதாஸின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"சாவியைக் குடுத்துடுப்பா."

தேவதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் போய் என்ன சொல்வான்? உயிரைக் காப்பாற்றினேன், வேலை போச்சு என்றா? சாவியை எடுத்து நீட்டினான்.

"சாவியை உள்ள வையிப்பா" என்றது ஒரு குரல். "கொக்கி மாட்டினது நான்தான்."

இராமதாஸ்!

கலைவாணன் துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குதித்தார். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா! நேருக்கு நேர் மோத வக்கில்லாம என் மானத்தை வாங்கிட்டான். எல்லாரும் கேட்டுக்குங்க!"

கூட்டமும் இராமதாஸைச் 'சீ' என்றுதான் பார்த்தது.

"யோவ், தேவதாஸ் கையில மாட்டச் சொன்னான். நீ மாட்டிக்கிட்டியா? பின்னால உட்கார்ந்தவனுக்கு உன் வேட்டிதான் எட்டிச்சு, மாட்டினேன். மாட்டலைன்னா இந்நேரம் உன்னை வலை போட்டு அள்ளியிருக்கணும்."

கலைவாணனுக்குச் சட்டென்று குரல் இறங்கிவிட்டது.

"எ... என் மேல உனக்கு ஏன்யா இவ்ளோ அக்கறை?"

"அக்கறையா? நீ போய்ச் சேர்ந்தா உன் சம்சாரத்தை நிக்க வைப்பாங்க. அனுதாப ஓட்டு கொட்டும். நான் டெபாசிட் கூட வாங்க முடியாது."

சொல்லிக்கொண்டே இராமதாஸ் கிட்டே வந்தார். கழுத்திலிருந்த சால்வையை எடுத்துக் கலைவாணனின் தோளில் போர்த்திவிட்டு, விடுவிடென்று நடந்தார். முசியே சாவியைத் தேவதாஸின் சட்டைப் பையில் திணித்தார்.

அதுவரை வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்த கமலா, புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. கரைக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"அண்ணே, என் ஓட்டு உங்களுக்குத்தான்!"