போல்ட் இறுகும் முன்

பழைய டிராக்டரில் இன்ஜினைத் திரும்பப் பூட்டும் நாள். இன்ஜினின் முதுகில் கிளட்ச் தட்டு இன்னும் தளர்வாகத்தான் உட்கார்ந்திருந்தது.

"ஒரு நூல் அளவு கீழே இறங்கியிருக்கே. நான் உள்ளே வந்து நிமிர்த்திவிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டது, தட்டின் துளைக்குள் நுழைந்து மையம் பார்க்கும் கம்பி.

"இருபது வருஷமா நான் இருக்கிற இடம். எனக்குத் தெரியாதா?" என்று வெடுக்கெனச் சொன்னது தட்டு.

மெக்கானிக்கும் அவசரத்தில் கண்ணாலேயே பார்த்துவிட்டு ஆறு போல்ட்டையும் இறுக்கினார். எதிரே வந்த கியர்பாக்ஸ் ஷாஃப்ட் தட்டின் துளையில் முட்டி நின்றது.

"கொஞ்சம் மேலே ஏறிக்கோயேன்!" என்றது ஷாஃப்ட்.

தட்டு முக்கிப் பார்த்தது, இறுகிய போல்ட்டுகளுக்குள் அசைய முடியவில்லை. மெக்கானிக் வெளியிலிருந்து இன்ஜினை நெம்பித் தள்ளினார். ஷாஃப்டின் பல் ஒன்று முறிந்தது.

தட்டு கூனிக் குறுகியது. "கம்பி அப்பவே நகர்த்தி விடறேன்னு சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

"எவ்வளவு நகரணுமாம்?" என்று கேட்டது ஷாஃப்ட்.

"ஒரு நூல்."