நகராத கோப்பு

அந்த விண்ணப்பத்தை நான்காவது முறையாகத் திருப்பிக் கொடுத்தார் கிளார்க். இந்தத் தடவை குற்றம், இடது ஓரத்தில் மார்ஜின் விடவில்லை என்பது.

முதல் தடவை, வரைபடம் ஜெராக்ஸாக இருந்ததாம். அடுத்த தடவை, கையெழுத்து கறுப்பு மையில் இருந்ததாம். மூன்றாவது தடவை எல்லாம் சரி, பக்க எண்தான் போடவில்லையாம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த, விண்ணப்பித்த கம்பெனியின் ஏஜென்ட் நேராக அதிகாரியின் அறைக்குப் போய்விட்டார்.

அதிகாரி அந்தத் துறைமுக அலுவலகத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எந்தக் கோப்பும் ஒரே மேஜையில் மூன்று நாளுக்கு மேல் தூங்கக் கூடாது என்று வந்த அன்றே சொன்னவர். ஏஜென்ட் சொன்னதை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கடலுக்கு அடியில் ஒரு பழைய சரக்குக் கப்பல் கிடக்கிறது. அதை வெட்டி, உள்ளே இருக்கும் செம்பையும் தகரத்தையும் மேலே எடுக்க அனுமதி வேண்டும். கிரேன் படகு தயாராக நிற்கிறது, முப்பது தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் கையெழுத்தானால் புண்ணியமாய்ப் போகும்.

"கிளார்க் எதையாவது எதிர்பார்க்கிறாரா?" அதிகாரி தயங்கித்தான் கேட்டார்.

"அதையும் நீட்டிப் பார்த்துட்டேன் மேடம். கையாலகூடத் தொடலை. வாங்கினாலாவது வேலை நடக்கும்."

சொன்ன பிறகுதான் ஏஜென்ட் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதிகாரிக்கு அவர் மேல் வந்ததைவிட கிளார்க் மேல்தான் கோபம் அதிகம். லஞ்சமும் வாங்காமல், வேலையும் பார்க்காமல், இது என்ன ரகம்?

தலைமை கிளார்க்கைக் கூப்பிட்டு விசாரித்தார். முன்பெல்லாம் மனிதர் அப்படி இல்லை, கோப்பு அவர் மேஜையில் சூடு ஆறாது, ரிட்டயர்மென்ட் நெருங்கினால் சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது என்றார் அவர்.

தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. கிளார்க் அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தார். பிறகு, இதில் தேதி போடவில்லை என்று பணிவாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று முழுக்க அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

வியாழக்கிழமை மாலை அதிகாரியே அவர் மேஜைக்கு வந்துவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குக் கோப்பு தன் முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் குறிப்பே இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவேன், பென்ஷன் காகிதமும் இதே வழியாகத்தான் போக வேண்டும், ஞாபகமிருக்கட்டும் என்றார்.

கிளார்க் தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோப்பு வந்துவிட்டது. ஒரு குறை இல்லை. கடைசிப் பக்கத்தில் கிளார்க்கின் குறிப்பு ஒரே வரி: 'அனுமதி மறுக்கலாம்.'

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். கிளார்க், கப்பலின் பழைய பதிவேட்டு நகலைப் புரட்டிக் காட்டினார். கப்பல் புயலில் மூழ்கி நேற்றோடு சரியாக நூறு வருஷம்.

கடலடியில் நூறு வருஷம் கிடந்தது எதுவானாலும் அது பாரம்பரியச் சொத்து. பல நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதப்பட்ட சட்டம் அது. இனி அந்தக் கப்பலில் யாரும் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது.

"கம்பெனிக்காரங்களும் இந்த நாளைத்தான் எண்ணிக்கிட்டிருந்தாங்க மேடம். அதான் அவ்வளவு அவசரம்."

நகலின் அடியில் பெயர்ப் பட்டியல் இருந்தது. சமையல்காரர், தச்சர், கரி அள்ளுகிறவர்கள் என்று மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒருவர்கூடக் கரை சேரவில்லை. அவர்களுக்கென்று இருக்கும் ஒரே சமாதி அந்தக் கப்பல்தான்.

பட்டியலைக் கடைசிப் பெயர் வரை படித்துவிட்டு, அதிகாரி 'மறுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனசு மட்டும் ஆறவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நிறுத்தி வெச்சிருப்பேனே. எதுக்கு இவ்வளவு பேச்சு வாங்கினீங்க?"

"தெரிஞ்சே நிறுத்தினா உங்களையும் கோர்ட்டுல நிக்க வெச்சிருப்பாங்க மேடம்," என்றார் கிளார்க், கோப்பைக் கட்டிக்கொண்டே. "கிளார்க் சோம்பேறின்னு சொன்னா எந்த ஜட்ஜும் உடனே நம்பிடுவார்."