கழுத்தளவு

"ரெண்டாயிரத்தஞ்சு மழையிலே உள்ளே எத்தனை ஹைட் தண்ணி வந்தது? கரெக்டா சொல்லுங்கோ" என்று சுஷ்மா கேட்டபோது, அளக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த தமிழ்செல்வன் அதிலிருந்த எண்களையே உற்றுப் பார்த்தான்.

அதுவரை எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சுஷ்மா மாட்டுங்காவிலிருந்து வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர். மும்பை தாராவியில் இருக்கும் அவனுடைய பை தைக்கும் பட்டறைக்கு வெள்ள இன்ஷூரன்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்பது அவள் எழுதப்போவதில்தான் இருந்தது. இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் துணியை இறக்குவோம் என்று செம்பூர் கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஸ்கூல் பை ஆர்டர். அது கைநழுவினால் வருஷம் முழுக்க மிஷின்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டுவது மாதிரி அவன் பட்டறையைச் சுற்றிக் காட்டினான்.

ரோட்டிலிருந்து நாலு படி ஏறினால்தான் தரை. வாங்கின நாளிலிருந்தே அப்படி. வாசலில் மழைக்கு இறக்குகிற இரும்புத் தகடு, ஓரமெல்லாம் ரப்பர். மிஷின்கள் கல் மேடையில் உட்கார்ந்திருந்தன. ஸ்விட்ச் போர்டு ஸ்டூல் போட்டால்தான் எட்டும். சுஷ்மா ஒவ்வொன்றையும் அளந்து போட்டோ எடுத்தாள். "பிரமாதமா பண்ணியிருக்கேளே" என்றுகூடச் சொன்னாள்.

பிறகுதான் அந்தக் கேள்வி.

"முன்னாடி உள்ளே ரொம்ப ஏறியிருந்தா, என்ன பண்ணியிருந்தாலும் கம்பெனி ஒத்துக்காது" என்று கூடவே ஒரு குண்டு.

உண்மையில் தண்ணீர் உள்ளே வரவே இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. அதைச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது.

ஆனால் ஓரத்தில் கத்தரியும் கையுமாக உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தது அவன் பெண்டாட்டி பிரேமலதா.

அந்த மழையன்று அவன் மதியமே கிளம்பி, மாட்டுங்காவில் கூட்டாளி வீட்டு இரண்டாம் மாடிக்கு ரம்மி ஆடப் போயிருந்தான். மழை வலுத்தது, ஆட்டமும் சூடு பிடித்தது. கோழிக்குழம்பு வேறு. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், பள்ளத்தில் இருந்த வீடு முழுக்கச் சேறு. பக்கத்து வீட்டு நூர் நிஷாவின் பரணில் பிரேமலதா கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து ரம்மி என்று எவனால் சொல்ல முடியும்? பட்டறையில் முழங்காலளவு தண்ணீர், மிஷினைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஊரெல்லாம் வடிந்த தண்ணீர், அவன் பட்டறையில் மட்டும் அதற்குப் பிறகுதான், அவன் சொல்லச் சொல்ல, ஏறியது. தீபாவளிக்கு இடுப்பளவு. மகள் காதுகுத்துக்கு மார்பளவு. மச்சான் கல்யாணப் பந்தியில் கழுத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. கழுத்தளவு பார்த்தவன் சும்மா இருந்தால் யார் நம்புவார்கள்? தகடு போட்டான், மேடை கட்டினான், ஸ்விட்ச் போர்டை மேலே ஏற்றினான்.

இப்போது கழுத்தளவு என்றால் ஆர்டர் போச்சு. வரவில்லை என்றால் மானம் போச்சு. மானம்கூடத் தொலையட்டும், இத்தனை வருஷம் நம்பினவள் முகத்தில் எப்படி விழிப்பது? அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"பிரேமா, மேடத்துக்கு ஒரு டீ வாங்கிட்டு வாயேன்."

"சொல்லியாச்சு. வரும்" என்றாள், தலை நிமிராமல்.

சுஷ்மா போனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தமிழ்செல்வனின் கை கழுத்துக்கும் முழங்காலுக்கும் நடுவில் எங்கோ அலைந்தது.

"அவுகளுக்கு ஞாபகம் இருக்காது மேடம்" என்றாள் பிரேமலதா. "உள்ள தண்ணியே வரல. ரெண்டாம் படியோட நின்னுடுச்சு."

"நீங்க பாத்தேளா?"

"அன்னைக்கு சாயந்தரம் புள்ளைய நூர் நிஷாக்காகிட்ட குடுத்துட்டு, இவுகளக் காணலயேன்னு தேடி வந்தேம்லா. இந்த வாசல்லதான் ரொம்ப நேரம் நின்னேன்."

டேப் அவன் விரலிலிருந்து நழுவி, சரசரவென்று சுஷ்மாவின் கைக்கே திரும்பிப் போனது. அவள் போனில் சைபர் என்று தட்டினாள்.

பிரேமலதா அடுத்த பையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"கதவு பூட்டியிருந்துச்சு. அதையும் எழுதணுமா மேடம்?"