உச்சி வெயில் தூண்டில்

குடிபாலா ஏரிக்கரையில் பரணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீன் பிடிக்கத் துணைக்கு வரச்சொல்லி நாகேந்திரன் கூப்பிட்டதும் ஓடி வந்துவிட்டான். அவர் மகள் சந்தியாவை இன்றாவது பெண் கேட்டுவிட வேண்டும். வாய்தான் வரவில்லை.

“இன்னா வெயிலு மாமா! மீனெல்லாம் ஆழத்துக்குப் பூடுச்சி.”

“பூடும்.”

“விடிகாலையில வந்திருந்தா கடிச்சிருக்கும்.”

“கடிச்சிருக்கும்.”

“அப்போ நாளைக்கு வரலாமா?” பரணி எழுந்தேவிட்டான்.

“குந்துடா!” என்றார் நாகேந்திரன். “முப்பது வருசமா தூண்டில் போட்றவனுக்கு, உச்சி வெயில்ல மீன் கடிக்காதுன்னு தெரியாதா? நீ நிதானமா பொண்ணு கேப்பியேன்னுதான் இந்நேரத்துக்கு இட்டாந்தேன்.”

பரணி மெல்ல மறுபடியும் உட்கார்ந்தான்.

“தோ, பலமனேர் பக்கம் மழை மோடம் ஏறிக்கினு வருது, வெயிலு மறஞ்சிடும். சீக்கிரம் கேளுடா. மீன் கடிக்க ஆரம்பிச்சா, யாரு பேசுனாலும் எனக்குக் காதுல வுழாது.”